இருபது நிமிடக் கப்பலில் ஏறுவது எப்படி?

அட்லாண்டிக்கைக் கடப்பது எளிது. அச்சடித்த சீட்டு, எண் போட்ட அறை, வேளாவேளைக்குச் சாப்பாடு. பயணி செய்ய வேண்டியதெல்லாம் சாப்பிட்டது வெளியே வராமல் பார்த்துக்கொள்வதுதான். கடினமானது இருபது நிமிடக் கடற்பயணம். அதிலும் ஒரு தீவின் ஒரு துறையிலிருந்து அதே தீவின் அடுத்த துறைக்குப் போகும் பயணம் இருக்கிறதே, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியைத் தர யாரும் முன்வராததால் நான் வந்திருக்கிறேன்.

பயிற்சிக்கு நான் தேர்ந்திருக்கும் இடம், கிரேக்கத்தின் மிகப் பெரிய தீவான கிரீட்டின் தென்மேற்குக் கரை. மேற்கிலிருந்து கிழக்காக ஐந்து ஊர்கள்: பாலியோஹோரா, சூயா, அயியா ரூமெலி, லூத்ரோ, ஸ்ஃபகியா. ஐந்துக்கும் நடுவே ஃபெரி ஓடுகிறது. ஸ்ஃபகியாவிலிருந்து லூத்ரோவுக்குச் சுமார் இருபது நிமிடம். அங்கிருந்து அயியா ரூமெலிக்கு முக்கால் மணிக்குள். அதற்கு அப்பாலும் அப்படியே, முக்கால் முக்கால் மணியாக.

“ஒரே தீவுதானே, பஸ்ஸில் போனால் என்ன?” என்று கேட்பீர்கள். கேட்காதவர்களுக்கு இந்த வழிகாட்டி பயன்படாது. காரணம் மலை. லெஃப்கா ஓரி எனப்படும் வெண்மலைத் தொடர் பாக்னெஸ் சிகரத்தில் 2,453 மீட்டர் உயர்ந்து நின்றுவிட்டு, அங்கிருந்து லிபியக் கடலை நோக்கி அவசர அவசரமாக இறங்குகிறது. நடுவில் சாலை போட இடம் விட வேண்டும் என்று அதற்குத் தோன்றவில்லை. ஸ்ஃபகியாவிலிருந்து சூயாவுக்குத் தரைவழியே போவதென்றால் மலையேறி, வடகரைப் பக்கம் போய், மறுபடி மலையேறித் தெற்கே இறங்க வேண்டும். லூத்ரோவுக்கும் அயியா ரூமெலிக்கும் அதுவும் முடியாது. அந்த இரண்டு ஊர்களுக்கும் சாலையே இல்லை. வெங்காயம், எரிவாயு உருளை, மெத்தை, மாப்பிள்ளை, சுற்றுலாப் பயணி எல்லாமே கடல்வழிதான் வந்து இறங்க வேண்டும். ஆகவே இந்தக் கரையில் ஃபெரி என்பது உல்லாசப் பயணம் அல்ல, டவுன் பஸ். அந்த மரியாதையை மட்டும் அதற்குக் கொடுத்துவிட்டால் மற்றதெல்லாம் கற்றுக்கொள்ளலாம்.

அட்டவணையைப் படிக்கும் முறை

கால அட்டவணை பொய் சொல்வதில்லை. அதில் காற்று கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதான்.

அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும். வசந்தத்துக்கு ஒன்று, கோடை உச்சத்துக்கு ஒன்று, அக்டோபருக்கு ஒன்று. குளிர்காலத்தில் கப்பல்கள் மிகவும் குறைந்துவிடும். நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது சென்ற பருவத்தின் அட்டவணையா, இந்தப் பருவத்தினுடையதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கடைச் சுவர்களில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கும். பழையதைக் கிழிப்பது யாருடைய வேலையும் அல்ல. அடுத்து, கிழமைகள். கிரேக்க மொழியில் செவ்வாயும் புதனும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன, வியாழனும் வெள்ளியும் அப்படியே. இடம் மிச்சம் பிடிக்க முதல் எழுத்தை மட்டும் போட்டிருக்கும் பலகையின் முன்னால் பயணிகள் நெற்றியைச் சுருக்கி நிற்பது இந்தக் கரையின் நிரந்தரக் காட்சிகளில் ஒன்று. இதற்கெல்லாம் மேலே ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருக்கும். அதன் விளக்கம் அடியில், கிரேக்கத்தில், வெயிலில் வெளுத்துப் போன எழுத்தில் இருக்கும். உங்கள் கப்பலுக்குத்தான் அந்த நட்சத்திரம்.

ஸ்ஃபகியாவில் ஏறி ஒரே மூச்சில் பாலியோஹோரா போய்விடலாம் என்றும் நினைக்காதீர்கள். பெரும்பாலும் அயியா ரூமெலியில் கப்பல் மாற வேண்டும். ஒரு கப்பல் கிழக்குப் பாதியைப் பார்த்துக்கொள்கிறது, இன்னொன்று மேற்குப் பாதியை. இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்குமா என்று கேட்டால் காத்திருக்கும் என்பார்கள். காத்திருக்கவும் செய்யும். ஆனாலும் அந்த முக்கால் மணி நேரமும் கடலைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு போவது வழிவழியாக வந்த வழக்கம். அதை மீற வேண்டாம்.

டிக்கெட் துறையருகே உள்ள சிறு கூண்டில் கிடைக்கும். கப்பல் வருவதற்குச் சற்று முன்புதான் அதன் சன்னல் திறக்கும். ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுவது நம் இயல்பு. போகலாம், தவறில்லை. மூடிய சன்னலுக்கு முன் முதல் ஆளாக நிற்கும் பெருமை கிடைக்கும். திறந்த பிறகு அந்தப் பெருமைக்கு மதிப்பு இருக்காது. ஏனென்றால் வரிசை என்பது வட ஐரோப்பியர்கள் இங்கே கொண்டுவந்து, திரும்பும்போது எடுத்துப் போக மறந்துவிடும் பொருள். அது கேட்பாரற்றுக் கிடக்கும்.

சன்னலுக்குப் பின்னால் ஓர் அம்மாள் இருப்பார்.

“லூத்ரோவுக்குக் கப்பல் எத்தனை மணிக்கு?”

“பத்தரைக்கு.”

“கட்டாயம் வந்துவிடுமா?”

இப்போது அவர் உங்களைப் பார்க்க மாட்டார். உங்கள் தோளுக்கு மேலாகக் கடலைப் பார்ப்பார். அந்தப் பார்வைதான் பதில். அவர் தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, புருவத்தை உயர்த்தி, நாக்கால் ‘ச்சு’ கொட்டினால், உங்கள்மேல் பரிதாபப்படுகிறார் என்று நம் ஊர்க் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘இல்லை’ என்கிறார். இன்று கப்பல் இல்லை.

காத்திருத்தல்

இது தனிக் கலை. கிரேக்கர்கள் இதற்கென்றே ஒரு பானத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். 1957இல் தெசலோனிக்கி வர்த்தகக் கண்காட்சியில் காபித் தூள் கம்பெனி ஊழியர் ஒருவருக்கு வெந்நீர் கிடைக்கவில்லை. தூளையும் தண்ணீரையும் குலுக்குக் குவளையில் போட்டுக் குலுக்கிவிட்டார். நுரை பொங்கி வந்தது. அதுதான் ஃப்ராப்பே. இன்றைய இளைஞர்கள் ஃப்ரெத்தோ எஸ்ப்ரெஸ்ஸோவுக்கு மாறிவிட்டார்கள், ஆனாலும் காத்திருப்பதற்கு ஃப்ராப்பேதான் ஏற்றது. நுரை அடங்குவதற்கே வெகுநேரம் ஆகும்.

முக்கியமான எச்சரிக்கை: காபி வந்ததும் காசைக் கொடுத்துவிடுங்கள். இந்தக் கரையில் கப்பலை வரவழைக்கும் ஒரே நிச்சயமான வழி, புதிதாக ஒரு காபி சொல்வதுதான். கோப்பை மேசையில் வைக்கப்படும் அதே நொடியில் கப்பல் முனை தாண்டித் தெரியும்.

பசித்தால் ஸ்ஃபகியானி பித்தா சாப்பிடுங்கள். மிசித்ரா என்ற வெண்பாலாடைக்கட்டியை மாவுக்குள் வைத்து மெல்லிய அடையாகத் தட்டி, சுட்டு, மேலே தேன் ஊற்றித் தருவார்கள். சைவர்கள் பயப்பட வேண்டிய கரை அல்ல இது. காட்டுக் கீரையை வேகவைத்து ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் விட்டது, பெரிய வெள்ளை மொச்சை, வாற்கோதுமை ரஸ்க்கின் மேல் தக்காளி துருவிப் போட்ட தாக்கோஸ் எல்லாம் கிடைக்கும். ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் விரத நாட்கள் ஆண்டில் ஏராளம் என்பதால், இறைச்சியும் பாலும் இல்லாமல் சமைப்பது அவர்களுக்குக் கைவந்த கலை. ஆனால் சாப்பாடு முடிந்ததும் கேட்காமலே, காசு வாங்காமலே, ஒரு சிறு குடுவையில் ராக்கி வரும். திராட்சைச் சக்கையில் வடித்த சாராயம். விருந்தினருக்குச் செய்யும் மரியாதை. மறுப்பது அழகல்ல. இரண்டாவது குடுவையும் மரியாதைதான். இந்த மரியாதையால் கப்பலை விட்டவர்கள் காற்றால் விட்டவர்களைவிடக் குறைவானவர்கள் அல்லர் என்பது என் கணிப்பு.

கப்பல் பத்து நிமிடம் தாமதமானால் ஸ்ஃபகியாத் துறையில் குரலை உயர்த்த வேண்டாம். 1941 மே மாதக் கடைசியில், ஜெர்மன் படை தீவைப் பிடித்தபோது, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினர் ஆயிரக்கணக்கில் மலையைத் தாண்டி நடந்து வந்து இதே கரையில்தான் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். இரவில் மட்டும் போர்க்கப்பல்கள் வந்து ஏற்றிக்கொண்டு போயின. நான்கு இரவுகளுக்குப் பிறகு வருவது நின்றுபோயிற்று. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் கரையிலேயே விடப்பட்டுச் சிறைப்பட்டார்கள். துறையருகே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அங்கே நின்று “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கேட்பவர்களை ஊர்க்காரர்கள் ஒன்றும் சொல்வதில்லை. எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

காற்றைப் பற்றி அறிந்தவர்போல் நடிப்பது

துறையோரத்துக் காபிக் கடையில், அதாவது காஃபேனியோவில், முதியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் எண்களில் பேசிக்கொள்வார்கள். “ஆறு.” “ஏழு ஆகும்.” “நாளை எட்டு.” சூதாட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், பியூஃபோர்ட் அளவில் காற்றின் வேகம். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805இல் வகுத்த கணக்கு. சுழியத்தில் கடல் கண்ணாடி, பன்னிரண்டில் சூறாவளி. ஆறு என்றால் மணிக்கு நாற்பது கிலோமீட்டரை ஒட்டியும் அதற்கு மேலும் வீசும் காற்று. கிரேக்கத் தீவுகளில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இந்தக் கணக்கு தெரியும். நீங்களும் போய் உட்கார்ந்து, கடலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஆறு” என்று சொல்லிப் பாருங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள். ஆறு என்பது எப்போதும் பாதுகாப்பான எண்.

உண்மையில் கற்க விரும்புபவர்களுக்கு ஒரு குறிப்பு. ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலைக் கலக்கும் வடகாற்று மெல்தெமி. தென்கரைக்கும் வடகாற்றுக்கும் நடுவே மலை நிற்கிறது, ஆகவே இங்கே பயமில்லை என்று தோன்றும். பாதி சரி. மலையைத் தாண்ட முடியாத காற்று பள்ளத்தாக்குகளைக் கண்டுபிடித்துவிடும். அவற்றின் வழியே சரிந்து இறங்கி, கடல்மேல் திடீரென அறையும். கரையில் பழுப்பு மணல் எழும்பும், நீரில் வெண்கோடுகள் ஓடும், அலை மட்டும் உயராது. கப்பலுக்கு இது தலைவலி, ஆனாலும் ஓட்டிவிடுவார்கள். தென்காற்றுதான் வில்லன். ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து இதமாக, வெதுவெதுப்பாக வரும். பயணிகள் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு “ஆகா” என்பார்கள். இந்தத் துறைகள் பெரும்பாலும் தெற்கு நோக்கித் திறந்தவை. தென்காற்று கொண்டுவரும் அலை நேரே துறைக்குள் ஏறிவிடும். கப்பலால் சாய்தளத்தை இறக்கிவைக்க முடியாது. இதமான காற்று வீசுகிறது என்று நீங்கள் சொல்லும்போது மீன்பிடிகாரர் தன் படகுக்கு இரண்டாவது கயிறு கட்டிக்கொண்டிருந்தால், பேசாமல் போய் ஓர் அறை எடுத்துவிடுங்கள்.

இந்தப் பாடத்தைச் சரியாகப் படிக்காத பயணிகளைப் பற்றி உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு கதை உண்டு. நம்மூர்க் கிறிஸ்தவ வீடுகளிலும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளிலும் கேட்டது. அப்போஸ்தலர் நடபடிகள், 27ஆம் அதிகாரம். அதை இறையியல் நூலாகப் படித்திருப்பீர்கள். ஒருமுறை ஃபெரிப் பயணிக்கான எச்சரிக்கையாகப் படித்துப் பாருங்கள்.

காலம் கி.பி. 60ஐ ஒட்டி. பவுல் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகப்படுகிறார். ஏறியிருப்பது அலெக்சாந்திரியாவின் கோதுமைக் கப்பல். கிரேத்தா தீவின், அதாவது இதே கிரீட்டின், தென்கரையில் நல்ல துறைமுகம் என்ற இடத்தில் ஒதுங்கியிருக்கிறார்கள். இன்றைக்கும் அந்தக் குடா அதே பெயரில், கலி லிமேனெஸ் என்று, இருக்கிறது. உபவாச நாள் கழிந்துவிட்டது, அதாவது சீசன் முடிந்துவிட்டது. இங்கேயே தங்கிவிடலாம் என்கிறார் பவுல். ஆனால் பெயர் ‘நல்ல’ துறைமுகமே தவிர, மழைகாலத்தைக் கழிக்க வசதி போதாது. அதே தீவில், எழுபது கிலோமீட்டர் அளவில் மேற்கே, பேனிக்ஸ் என்று ஒரு துறை. அங்கே போய்விட்டால் வசதி. மாலுமி போகலாம் என்கிறான், கப்பல்காரனும் போகலாம் என்கிறான், பெரும்பாலோரும் போகலாம் என்கிறார்கள். கைதி சொல்வதை, அவரைக் கொண்டுபோகும் படைத்தலைவனான நூற்றுக்கு அதிபதி ஏன் கேட்கப்போகிறான்?

தென்றல் மெதுவாக அடித்தது. அதை நம்பி நங்கூரம் எடுத்தார்கள். கரையை ஒட்டியே போனார்கள். சற்று நேரத்தில் தீவின் மேலிருந்து யூரோக்கிலித்தோன் என்ற கடுங்காற்று இறங்கியது. மலையிலிருந்து சரிந்து வரும் காற்றைப் பற்றி மேலே சொன்னேனே, அதன் மூத்த அண்ணன். அதற்குப் பிறகு கப்பல் இவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. கிலவுதா என்ற சிறு தீவின் மறைவில் கொஞ்சம் மூச்சு வாங்கினார்கள். இன்றைய கவ்தோஸ் அது. பிறகு சரக்கை எறிந்தார்கள், தளவாடங்களை எறிந்தார்கள். பதினான்காம் இரவில் கரை தட்டுப்படும் அறிகுறி தெரிந்தது. விடிந்ததும் கப்பல் உடைந்து, மிதந்தும் நீந்தியும் ஏறிய கரை மெலித்தா, அதாவது மால்டா. கப்பலில் இருந்த 276 பேரும் உயிர் பிழைத்தார்கள் என்பதுதான் ஆறுதல்.

பேனிக்ஸ் இருந்த இடத்தை இன்றைய லூத்ரோவை ஒட்டித்தான் பலரும் அடையாளம் காண்கிறார்கள். ஆக, ஒரே தீவில் பக்கத்துத் துறைக்கு என்று கிளம்பி வேறொரு தேசத்தில் கரையேறியதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. கவனியுங்கள், ரோமுக்குப் போகும் நீண்ட பயணத்தில் அவர்களுக்கு வினை வந்தது இந்தக் குட்டிப் பயணத்தால். “இதோ, பக்கத்தில்தானே” என்ற சொல் வாயில் வந்த நிமிடமே நங்கூரத்தைத் திரும்பப் போட்டிருக்க வேண்டும்.

லூத்ரோவுக்கும் அயியா ரூமெலிக்கும் நடுவே, கடற்கரையிலேயே, அயியோஸ் பாவ்லோஸ் என்று பவுல் பெயரில் பைசாந்தியக் காலத்துச் சிறு கற்கோயில் ஒன்று நிற்கிறது. பவுல் இங்கே வந்து ஊற்று நீரில் ஞானஸ்நானம் கொடுத்தார் என்பது ஊர் நம்பிக்கை. அந்தக் கப்பல் பேனிக்ஸுக்கு வந்து சேரவே இல்லை என்பது ஏட்டில் உள்ள செய்தி. ஸ்ஃபகியாக்காரர்களிடம் இதை விவாதிக்காதீர்கள். கப்பல் வராவிட்டாலும் ஆள் வந்துவிடுவது இந்தக் கரையில் புதிதல்ல.

ஏறுதல்

கப்பல் வருகிறது. நீங்கள் எதிர்பார்த்த நளினமெல்லாம் இருக்காது. தட்டையான முகம், திறந்த வயிறு. இந்த மாதிரிக் கப்பலுக்குக் கிரேக்கர்கள் ‘செருப்பு’ என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். துறைக்குச் சற்று முன்பே அதன் இரும்புச் சாய்தளம் சங்கிலிச் சத்தத்தோடு இறங்கத் தொடங்கும். முழுதாக நின்ற பிறகு ஏறலாம் என்று காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டே இருக்கலாம், அது முழுதாக நிற்கப்போவதில்லை. எஞ்சின் ஓடியபடியே கப்பலைக் கரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். சாய்தளம் கருங்கல் மேல் அரை அடி முன்னும் அரை அடி பின்னும் உராய்ந்துகொண்டிருக்கும்.

அதன் மேல் ஒரே சமயத்தில் இவை நடக்கும்: இறங்குபவர்கள் இறங்குவார்கள், ஏறுபவர்கள் ஏறுவார்கள், ஒரு பிக்கப் வண்டி பின்பக்கமாக வரும், தக்காளிப் பெட்டிகள் கைமாறும், யாரோ ஒருவர் கப்பல்காரரிடம் ஓர் உறையைக் கொடுத்து அடுத்த ஊரில் மைத்துனரிடம் சேர்க்கச் சொல்வார். நடுவில் அரைக்கால்சட்டை அணிந்த கப்பல் ஊழியர் ஒருவர் “எலா, எலா” என்று கத்திக்கொண்டிருப்பார். ‘வா வா’ என்று பொருள். வண்டிக்குச் சொல்கிறாரா உங்களுக்குச் சொல்கிறாரா என்று யோசித்து நிற்பவர்களை வண்டி ஒதுக்கிவிடும்.

சக்கரம் வைத்த பெரிய சூட்கேஸ் கொண்டுவந்திருந்தால், உங்கள் திறமையைக் காட்ட இதுவே மேடை. சாய்தளத்தில் குறுக்கே வரிவரியாக இரும்புப் பட்டைகள் இருக்கும், சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒருமுறை யோசிக்கும். லூத்ரோவில் இறங்கிய பிறகு கூழாங்கல்லும் படிக்கட்டும் காத்திருக்கின்றன. தோள்பையோடு வந்தவர்கள் உங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவார்கள். உதவிக்கு வருபவர் அநேகமாக அந்த ஊரின் மூத்த பாட்டியாக இருப்பார், ஒரு கையால் தூக்கிவிடுவார்.

சாய்தளத்தில் நின்று மட்டும் படம் எடுக்காதீர்கள். மற்றபடி எங்கே வேண்டுமானாலும் எடுங்கள்.

கப்பலுக்குள்

இந்தக் கரையில் ஓடும் கப்பல்களில் ஒன்றின் பெயர் தஸ்கலோயான்னிஸ். ஹானியா விமான நிலையத்துக்கும் அவர் பெயர்தான். லூத்ரோவுக்கு மேலே மலையில் உள்ள அனோபோலி ஊர்க்காரர், கப்பல்கள் வைத்திருந்த செல்வந்தர். ரஷ்யா துணைக்கு வரும் என்று நம்பி 1770இல் ஓட்டோமான் ஆட்சிக்கு எதிராக ஸ்ஃபகியாவைக் கிளப்பினார். ரஷ்யக் கப்பல்கள் வரவில்லை. அடுத்த ஆண்டு ஹெராக்லியோனில் அவரை உயிரோடு தோலுரித்துக் கொன்றார்கள். வராத கப்பல்களுக்காகக் காத்திருந்த மனிதரின் பெயரைத் தினமும் வருகிற கப்பலுக்கு வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

எங்கே உட்காருவது? மேற்கு நோக்கிப் போகும்போது வலப்பக்கம் மலை, இடப்பக்கம் வெயில். விவரம் தெரிந்தவர்கள் வலப்பக்கம் உட்காருவார்கள். எல்லோருக்கும் விவரம் தெரிந்துவிட்டதால் வலப்பக்கம் இடம் இருக்காது. மேல்தளத்தில் உப்புத் துளி தெறிக்கும், கீழே டீசல் மணக்கும். மூக்குக் கண்ணாடியா வயிறா, எதைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்துகொண்டு படியேறுங்கள்.

ஸ்ஃபகியாவை விட்டதும் செங்குத்துப் பாறைக்குக் கீழே கிளிக்கா நேரா கடற்கரை தெரியும். மலை உறிஞ்சிய பனிநீரும் மழைநீரும் கடலோரக் கூழாங்கல்லுக்கு அடியிலேயே ஊறி வரும் இடம். கற்களைக் கையால் தோண்டினால் குடிநீர் கிடைக்கும், நான்கடி தள்ளி உப்புக்கடல். அந்தப் பாறை விளிம்பில் எறும்புகள்போல் சிலர் ஊர்ந்துகொண்டிருப்பார்கள். ஸ்ஃபகியாவிலிருந்து லூத்ரோவுக்கு நடந்தே போகிறவர்கள். இரண்டு, இரண்டரை மணி நேரம். அவர்களைப் பார்த்துக் கையசைக்கலாம். காற்றுள்ள நாட்களில் உங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள் என்பதால் கேலி வேண்டாம்.

லூத்ரோவில் கப்பல் அதிக நேரம் நிற்காது. வெள்ளைச் சுவர், நீலச் சன்னல், அரைவட்டக் குடா என்று ஊர் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கிவிடும். அந்த அழகைப் பார்த்துக்கொண்டே மேல்தளத்தில் நின்றவர்கள் அயியா ரூமெலியில் இறங்குவார்கள்.

அயியா ரூமெலி, மாலை 5.30

இதுவரை கற்றதெல்லாம் பால பாடம். தேர்வு இங்கேதான்.

மேலே ஓமலோஸ் சமவெளியில், கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கும் மேலே, சமாரியா பள்ளத்தாக்கு தொடங்குகிறது. 1962இலிருந்து தேசியப் பூங்கா. உள்ளே இருந்த சமாரியா என்ற சிற்றூரின் மக்கள் அப்போது வெளியேற்றப்பட்டார்கள். இப்போது அங்கே கிரி-கிரி என்ற காட்டாடுகளும் காவலர்களும் பயணிகளும்தான். மேலிருந்து கடல் வரை 16 கிலோமீட்டர், முழுக்க இறக்கம். குறுகலான இடத்தில் இரண்டு பக்கமும் முந்நூறு மீட்டர் உயரப் பாறை, நடுவே நான்கு மீட்டர் அளவே வழி. மே முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். கோடை உச்சத்தில் நாளொன்றுக்கு ஆயிரம் பேருக்கு மேல் இறங்குவார்கள். காலையில் பேருந்தில் வந்து, பகலெல்லாம் நடந்து, மாலையில் அயியா ரூமெலிக் கரையில் வந்து விழுவார்கள். திரும்ப ஏறும் தெம்பு யாருக்கும் இராது. சாலை கிடையாது. அத்தனை பேரும் கடல்வழியே வெளியேற வேண்டும். கோடையில் அதற்கான கடைசிக் கப்பல் வழக்கமாக மாலை 5.30க்கு. கிழக்கே லூத்ரோ வழியாக ஸ்ஃபகியாவுக்கு ஒன்று, மேற்கே சூயாவுக்கும் பாலியோஹோராவுக்கும் ஒன்று. ஒரே துறை, ஏறத்தாழ ஒரே நேரம். முழங்கால் வலியில் யாரும் பெயர்ப்பலகையைப் படிப்பதில்லை. ஏறும் முன் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். கேட்காவிட்டால் உங்கள் பேருந்து ஒரு மலைக்கு அந்தப் பக்கமும் நீங்கள் இந்தப் பக்கமுமாக நிற்பீர்கள்.

இந்தக் கப்பலில் பிரெஞ்சு, ஜெர்மன், போலிஷ் எனப் பல தேசத்தார் ஒரே சமயத்தில் காலணியைக் கழற்றுவார்கள். ஆகவே காற்று வரும் பக்கம் இடம் பிடியுங்கள். இந்த வழிகாட்டியில் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே அறிவுரை இதுதான்.

கப்பலை விட்டுவிட்டால்? கவலையில்லை. ஊரில் அறைகள் உண்டு, சாப்பாடு உண்டு, ராக்கியும் உண்டு. பகலில் நெருப்பாகக் கொதித்த கருங்கூழாங்கல் கடற்கரை மாலையில் ஆறிவிடும். கப்பல் போன பிறகு ஊரில் மிஞ்சுவது ஊர்க்காரர்களும் நீங்களும்தான். அடம்பிடிப்பவர்கள் லூத்ரோவுக்கு நடக்கலாம், ஐந்தாறு மணி நேரம். இருட்டில் வேண்டாம். பணம் உள்ளவர்கள் வாடகைப் படகு கேட்கலாம். படகுக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்து விலை சொல்வார், ஆகவே முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பலே இல்லாத நாள்

துறைமுக அதிகாரிகள் காற்றைப் பார்த்துத் தடை போட்டுவிட்டால் எந்தக் கப்பலும் நகராது. ‘அபகொரெஃப்திகோ’ என்று ஒருவர் சொல்ல, அது மேசைக்கு மேசை தாவும். வெளியூர்க்காரர்கள் உடனே கைபேசியை எடுப்பார்கள். யாரோ ஒருவர் விமானச் சீட்டைக் காட்டி வாதாடுவார். வாதாட எதிரில் ஆள் இருக்காது, கடல்தான் இருக்கும். ஊர்க்காரர்கள் தவ்லிப் பலகையை விரித்துத் தாயத்தை உருட்ட ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டாம் ஆட்டத்துக்குள் உங்களையும் சேர்த்துக்கொண்டால் சரி. தோற்பதற்குத் தயாராக உட்காருங்கள்.

இதிலும் ருசி கண்டுவிட்டவர்கள் கவ்தோஸுக்குப் போகலாம். ஐரோப்பாவின் தெற்கு முனை என்று பெயர் பெற்ற குட்டித் தீவு. அதற்கும் இந்தக் கரையிலிருந்துதான் கப்பல். போவதற்கு அட்டவணை உண்டு. திரும்புவதற்கும் உண்டு, அட்டவணையைப் படிக்கும் முறையை மேலே விளக்கியிருக்கிறேன். மாத்திரைகளைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த புத்தகம் ஒன்றும். திரும்பும் விமானத்துக்கு இரண்டு நாள் இடைவெளி விட்டுக்கொள்ளுங்கள், மூன்று என்றால் இன்னும் நல்லது.

மாலைக் கப்பல் ஸ்ஃபகியாவைத் தொட்டதும் எல்லோரும் ஓடுவார்கள். ஹானியா போகும் பேருந்துகள் மேலே நிற்கின்றன, கப்பல் வரும்வரை அவை காத்திருக்கும், ஓடத் தேவையே இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் நீங்கள் ஓடத்தான் போகிறீர்கள். ஓடும்போது சாய்தளத்துச் சங்கிலியைப் பார்த்துக் கால் வையுங்கள். கையில் இருக்கும் கப்பல் சீட்டைப் பேருந்து ஓட்டுநரிடம் நீட்ட வேண்டாம். பேருந்துக்கு டிக்கெட் தனி.